ஆளில்லாத படங்கள்

ஒச்சாயி: இதுலயும் ஆளே இல்லையே தம்பி.

கிருபாகரன்: இது காலையில எடுத்தது அக்கா. விளாங்குடிக் கண்மாய். மேற்க தெரியுதுல்ல, அது நாகமலை...

ஒச்சாயி: எங்க ஊரு கண்மாய எனக்கே காட்டுறீகளா? நல்லாத்தேன் இருக்கு. பனை இருக்கு, கரை இருக்கு. தண்ணிக்குள்ள கொக்கு கூட ஒத்தக்கால்ல நிக்குது. மனுசரத்தேன் காணோம்.

கிருபாகரன்: நிலக்காட்சின்னா அப்படித்தான். ஒரு ஆளு நின்னாப் போதும், பாக்குறவங்க கண்ணு நேரா அவருமேல போயி உக்காந்துக்கிடும். அப்புறம் நிலம் தெரியாது. எங்க புரொபசர் சொல்லிக்கிட்டே இருப்பார்.

ஒச்சாயி: எங்க வீட்டுக்காரரும் சொல்லுவாரு. "காலேசுத் தம்பி படப்பொட்டியத் தூக்குச்சுன்னா நானும் மாடும் வண்டியும் ஓடி ஒளியணும் புள்ள"ன்னு. சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.

கிருபாகரன்: தவசி அண்ணன் அப்படியா சொன்னாரு...

ஒச்சாயி: கோவமா இல்ல தம்பி. சிரிச்சுக்கிட்டுத்தேன்.

கிருபாகரன்: வாட்ச்மேன் வந்து, விளாங்குடியில இருந்து ஒரு பொம்பள வந்திருக்கு, மரத்தடியில நிக்குதுன்னு சொன்னப்ப எனக்குப் பிடிபடல. பாத்ததுக்கு அப்புறமும் சட்டுனு தெரியல. மன்னிச்சுக்கங்க அக்கா.

ஒச்சாயி: எனக்கு மட்டும் தெரிஞ்சுச்சா? எங்க வீட்டுல கூழு குடிச்சப்ப உங்களுக்கு மீசையே இல்ல. இப்ப என்னடான்னா தொரையாட்டம் நிக்கிறீக.

கிருபாகரன்: எத்தனை நாள் குடிச்சிருக்கேன்... விடியிறதுக்கு முந்தி வண்டியப் பூட்டிருவாரு. கண்மாய்க்கரை, சமணமலை அடிவாரம், வைகை மணல்னு ஒரு இடம் விடாம காட்டுனாரு. நான் வெளிச்சத்துக்காகக் காத்துக்கிட்டு இருப்பேன். அவரு அண்ணாந்து பாத்துட்டு, "இப்ப வேணாம் தம்பி, அந்தப் பனையோட உச்சியில வெயில் தொடட்டும்"பாரு. அவரு சொன்ன நேரந்தான் சரியா இருக்கும்.

ஒச்சாயி: மாடு மேச்ச கண்ணு.

கிருபாகரன்: ரங்கூன்ல இருந்து அண்ணன் காயிதம் வருதா அக்கா?

ஒச்சாயி: கார்த்திகையில ஒண்ணு வந்துச்சு. அதோட சரி. மார்கழியில அங்க சப்பான்காரன் குண்டு போட்டுட்டானே.

கிருபாகரன்: நெறையப் பேரு நடந்தே வந்துக்கிட்டு இருக்காங்களாம். ஸ்டேஷன்ல பாத்தேன். கூட்டங்கூட்டமா...

ஒச்சாயி: கோச்சடைக்கும் ஒருத்தரு வந்திருக்காரு தம்பி. முத்துக்கருப்பன்னு பேரு. காலு ரெண்டும் வெறும் புண்ணு. அதச் சொல்லத்தேன் வந்தேன்.

கிருபாகரன்: அண்ணனப் பாத்தாராமா?

ஒச்சாயி: பர்மாவத் தாண்டுற மலைக்காட்டுல, நம்ம பக்கத்து ஆளு ஒருத்தரு அவரு கூடவே நடந்து வந்தாராம். காச்ச கண்டுச்சாம். நாலாம் நாளு... அங்கனயே போயிட்டாராம்.

கிருபாகரன்: ஐயோ... அது வேற யாராவதா இருக்கும் அக்கா.

ஒச்சாயி: இருக்கலாம்.

கிருபாகரன்: பேரு கேட்டு வைக்கலையா அவரு?

ஒச்சாயி: பேரும் தெரியாது, ஊரும் தெரியாது, மூஞ்சியக் காட்டுங்க, பாத்தாச் சொல்லிருவேங்கிறாரு. எங்க மாமனாரு வீட்டுல உக்கார முடியாமத் தவிக்கிறாரு. இருக்கானா இல்லையான்னு தெரியணும்ல... அதேன் படம் வேணும் தம்பி. கப்பலுக்குப் போறதுக்கு முந்துன நாளு நீங்க அவரப் பிடிச்சீகளே, அந்தப் படம்.

கிருபாகரன்: அதுவா... அது... தேடிப் பாக்கணும்.

ஒச்சாயி: தேடுங்க. நான் இருக்கேன்.

கிருபாகரன்: ரெண்டு வருசமாச்சே அக்கா. போன ஐப்பசி மழையில அறையில தண்ணி ஒழுகிச்சு. கொஞ்சம் வீணாப் போச்சு... பொறுங்க. இந்தாங்க, இதுல அண்ணன் இருக்காரு.

ஒச்சாயி: எங்க?

கிருபாகரன்: தண்ணி வழியிற கலுங்கு இருக்குல்ல, அதுக்கு அங்கிட்டு. இந்தப் புள்ளி.

ஒச்சாயி: இதுவா? எறும்பாட்டம் இருக்கு...

கிருபாகரன்: விலகிப் போங்க அண்ணேன்னு சொன்னேன். போய்க்கிட்டு இருந்தாரு. வெளிச்சம் போயிருமேன்னு அவசரப்பட்டு அமுக்கிட்டேன். அப்புறம் கழுவிப் பாத்தா முதுகு விழுந்திருந்துச்சு. கெட்டுப்போன படம்னு தூக்கி வச்சிட்டேன்.

ஒச்சாயி: அவருதேன். எடது தோள இப்பிடிச் சாச்சுத்தேன் நடப்பாரு. கூட்டத்துல போனாலும் எனக்குத் தெரிஞ்சிரும்... ஆனா இது எனக்குத்தேன் தெரியும். ஊராருக்கு இது புள்ளிதானே தம்பி.

கிருபாகரன்: ஆமா...

ஒச்சாயி: அந்த வெள்ளச் சட்டைப் படத்த எடுங்க. பக்கத்து வீட்டு விருமாண்டிகிட்ட இரவல் வாங்கின சட்டை. கையி பத்தாம மணிக்கட்டுக்கு மேல நின்னுச்சு. குளிச்சு, திருநீறு பூசி, நான்தேன் பட்டன் போட்டுவிட்டேன்.

கிருபாகரன்: ஞாபகம் இருக்கு. கையி தெரியக்கூடாதுன்னு பின்னாடி கட்டிக்கிட்டாரு. "மலை தெரியுதா தம்பி, மலையும் வரட்டும்"னாரு. கண்ண மூடிராதீங்கன்னேன். நான் சொன்னதுக்காக கண்ணுல தண்ணி கட்டுற வரைக்கும் சிமிட்டாம நின்னாரு.

ஒச்சாயி: அப்புறம்?

கிருபாகரன்: "முடிஞ்சிருச்சா"ன்னாரு. முடிஞ்சிருச்சுன்னேன்.

ஒச்சாயி: அப்புறம்?

கிருபாகரன்: அக்கா, என்னால இதுக்கு மேல முடியல... அப்படி ஒரு படமே இல்ல.

ஒச்சாயி: மழையில வீணாப் போச்சுன்னீகளே?

கிருபாகரன்: மழையில போகல. அது பொய். அன்னைக்கு நான் படமே எடுக்கல. பொட்டிக்குள்ள ஃபிலிம் தீந்துபோச்சு. பையில ஒரே ஒரு சுருள்தான் புதுசா இருந்துச்சு. சண்டை வந்ததுல கடையில ஃபிலிம் வரத்து இல்ல. நாகமலை மேல மேகம் கட்டுறப்ப எடுக்கணும்னு அத வச்சிருந்தேன். அவரு ஆசையா வந்து நின்னாரு. மாட்டேன்னு சொல்ல வாய் வரல. காலிப் பொட்டிய நீட்டி, சும்மா அமுக்குனேன்.

ஒச்சாயி: மேகம் கெடச்சுச்சா?

கிருபாகரன்: கெடச்சுச்சு. அதுக்கு மெட்ராஸ்ல மெடல் குடுத்தாங்க... அந்தச் சுருளோட எட்டுப் படத்துல ஒண்ண அவருக்குக் குடுத்திருக்கலாம். ஒண்ணே ஒண்ணு. அத நெனைக்காத நாளில்ல. திரும்பி வரட்டும், நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டு விசயத்தச் சொல்லிரலாம்னு இருந்தேன்.

ஒச்சாயி: அழுகாதீக தம்பி. வாட்ச்மேன் பாக்குறாரு.

கிருபாகரன்: நீங்க திட்டுங்க அக்கா.

ஒச்சாயி: அவரு அன்னைக்குச் சாயங்காலமே எங்கிட்டச் சொல்லிட்டாரு.

கிருபாகரன்: என்ன சொன்னாரு?

ஒச்சாயி: பொட்டி காலின்னு.

கிருபாகரன்: அவருக்கு எப்படி...

ஒச்சாயி: சுருள் மாத்துறப்ப வெளிச்சம் படாம அவரு துண்டத்தானே போத்திப் பிடிக்கச் சொல்லுவீக? முதநாளு சுருள் தீந்துபோச்சு. அன்னைக்கு துண்டு கேக்கல நீங்க. அம்புட்டுத்தேன், தெரிஞ்சுக்கிட்டாரு.

கிருபாகரன்: தெரிஞ்சுமா அப்படி நின்னாரு? கண்ணு சிமிட்டாம?

ஒச்சாயி: "எம் மனசு நோகக்கூடாதுன்னு தம்பி சும்மா அமுக்குது புள்ள, நானும் அது மனசு நோகாம நின்னுட்டு வந்தேன்"னாரு. ஊருல கேட்டவகட்ட எல்லாம், தம்பி படம் பிடிச்சிருக்குன்னுதேன் சொல்லிட்டுப் போனாரு. உங்கள விட்டுக்குடுக்கல. எங்க மாமனாரு இன்னைக்கு வரைக்கும் படம் இருக்குன்னுதேன் நம்பிக்கிட்டு இருக்காரு.

கிருபாகரன்: அப்ப... படம் இல்லைன்னு தெரிஞ்சே எதுக்கு அக்கா இம்புட்டுத் தூரம் நடந்து வந்தீங்க?

ஒச்சாயி: நீங்க என்ன சொல்லுவீகன்னு தெரியணும்ல. நாளைக்கு எங்க மாமனாரே இங்க வாராரு. படம் எங்கன்னு கேப்பாரு. இல்லைன்னு மட்டும் சொல்லிராதீக. கழுவ மெட்ராசுக்கு அனுப்பியிருக்கேன், வாரதுக்கு எட்டு நாளாகும்னு சொல்லுங்க.

கிருபாகரன்: மறுபடியும் பொய்யா அக்கா... அதுவும் பெத்தவருகிட்டயா? எட்டு நாள் கழிச்சு மட்டும் படம் வந்துருமா? அந்த முத்துக்கருப்பன் மூஞ்சியப் பாக்கணும்னு காத்துக்கிட்டு இருப்பாரே, அவருக்கு என்னத்தக் காட்டுவீங்க?

ஒச்சாயி: அந்த மனுசன் எதுக்கும் காத்துக்கிட்டு இல்ல தம்பி. திங்கக்கிழமையே என்னைய ஆத்துப்பக்கம் கூட்டிட்டுப் போயி எல்லாஞ் சொல்லிட்டாரு. பேரு, ஊரு, எங்க காளை ரெண்டோட பேரு கூட. போயிட்டது அவருதேன். அந்தக் காட்டுலதேன் மண்ணள்ளிப் போட்டுட்டு வந்திருக்காக. நான்தேன் அந்த மனுசனோட புண்ணுக்காலப் பிடிச்சு, எங்க வீட்டுல கேட்டா மூஞ்சியப் பாக்காமச் சொல்ல முடியாதுன்னு சொல்லிருங்கன்னு கெஞ்சுனேன். எங்க நாத்தனா சின்னத்தாய்க்கு வார வியாழக்கிழமை கல்யாணம். தங்கச்சியக் கரையேத்தணும்னுதேன் அவரு கப்பலே ஏறுனாரு. இப்பச் சேதி தெரிஞ்சா மாப்ள வீட்டாளுக திரும்பிப் பாக்க மாட்டாக, ஆடியும் பொறந்துரும். எட்டு நாளு போதும் தம்பி... அந்தப் புள்ள கழுத்துல தாலி ஏறட்டும். அதுக்கப்புறம் எங்கழுத்துல இருக்கிறத நானே எறக்கிக்கிறேன்.