அர்மீனியாவில் ஓர் அத்தர் வீடு

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் வடக்கனந்தல் விவசாயி ஒருவர், அவர் பக்கத்தில் அத்தர் கடை பாய். விவசாயியின் மகள் அர்மீனியாவில் டாக்டருக்குப் படிக்கிறாள் என்பது பஸ் கிளம்புவதற்குள் எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

“பாய், எம் பொண்ணு தங்கியிருக்கிற வூட்டுக்காரரு ஒங்களுக்குச் சொந்தமா இருப்பாரோ?”

“அர்மீனியாவுலயா? இன்னா பேரு?”

“அத்தார்யான். ‘யான்’னா அந்த வம்சத்துப் புள்ளைன்னு அர்த்தமாம். பொண்ணு சொல்லுச்சு.”

“அப்ப அவரு முப்பாட்டன் அத்தர் வித்திருப்பாரு. அரபியில அத்தர் விக்கிறவர அத்தார்னுதான் சொல்லுவாங்க. வடக்கேருந்து எனக்குச் சரக்கு அனுப்புறாரே, அவரு குடும்பப் பேரும் அத்தார்தான்.”

விவசாயி உடனே போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

“இன்னாடி, இன்னும் சாப்புடலியா? பாப்பா யாரு வூட்டுல இருக்குதோன்னு அழுதுக்கினு கெடந்தியே, நம்ம அத்தர் பாய் ஆளுங்க வூட்டுலதான் இருக்குது!”

கொஞ்சம் கேட்டுவிட்டு, போனைப் பாயிடம் நீட்டினார். அந்தம்மாவின் குரல் எங்கள் சீட்டு வரைக்கும் கேட்டது.

“பாய், பாப்பா காரம் இல்லாம சாப்புடாது. அவங்ககிட்ட கொஞ்சம் சொல்லி வையுங்க.”

பாய் சிரிக்கவே இல்லை.

“சொல்லிடறேம்மா. நீங்க மொதல்ல சாப்புடுங்க.”