மொட்டை மாடி வழக்கு

டில்லியில் ஜனக்புரி போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு தமிழர்கள். வழுக்கைத் தலைக்காரர் சொன்னார்:

"நாளைக்கு என் கேஸ் வருது. என் மேல நானே போட்டது."

"என்ன சார் சொல்றீங்க?" என்றார் மற்றவர்.

"மொட்டை மாடி ஒழுகி, மழை வந்தா வீட்டுல குடை பிடிச்சுக்கிட்டுதான் சமையல். எங்க ஃப்ளாட் சொசைட்டி செகரெட்டரி கண்டுக்கலை. செகரெட்டரி மேல கேஸ் போட்டேன். இப்ப என்னையே செகரெட்டரி ஆக்கிட்டாங்க."

"அச்சா! நீங்களே ரிப்பேர் பண்ணிடலாமே?"

"என் வீட்டுக்கு நானே பண்ணிக்கிட்டா ஊழல்னு இன்னொருத்தன் கேஸ் போடுவான்."

"அப்போ கோர்ட்ல ஜெயிச்சுடுங்க."

"கஷ்டம் சார். சொசைட்டி வக்கீல் பயங்கர கெட்டிக்காரர்" என்றவர், பெருமையாகச் சேர்த்துக்கொண்டார்: "நான்தான் தேடிப் பிடிச்சேன்."