பதினேழு நிமிஷ வண்டி

இல்ல சார், ரெண்டு தடவ உங்கள வரச் சொல்லிட்டு வேணாம்னு திருப்பி அனுப்பினது என் தப்புதான். வண்டியப் பாத்து கையெழுத்துப் போடற ஆபீசர அலைக்கழிக்கலாமா? ஆனா அப்ப இதுல ஏறியிருந்தீங்கன்னா பாதி வழியில எறக்கி உங்களையே தள்ள விட்டிருப்பேன். அந்த ஸ்டூல் வேணாம், கால் ஆடும், இப்படி டயர் மேல உக்காருங்க. அண்ணன் உள்ள டீ போடறார்.

ஆமா, இந்தக் கார நானேதான் கட்டினேன். ஸ்கூல் வேன் ஓட்டறவளுக்கு இது எதுக்குன்னு எல்லாரும் கேட்டாச்சு, நீங்களும் கேளுங்க. என்ஜின் ஒரு வண்டியுது, கதவு இன்னொண்ணுது, டேங்க் காயலான் கடையுது. ஓடுச்சாவா? ஜம்முனு ஓடும். சரியா பதினேழு நிமிஷம். அப்பறம் இருமும், குலுங்கும், நின்னுடும். கால் மணி நேரம் விட்டா திரும்ப ஸ்டார்ட் ஆகும். திரும்ப பதினேழு நிமிஷம்.

ஒருநாள் வயித்தெரிச்சல்ல டயர ஒரு ஒத விட்டேன் பாருங்க, கட்டவிரல் வீங்கிப்போச்சு. நான் கத்தின கத்தல்லதான் அண்ணன் ரூம விட்டு வெளிய வந்தார். என்ஜின எட்டிப் பாத்து, பெட்ரோல் வரல அப்படின்னார். எனக்கு விரல் வலியே மறந்துபோச்சு சார். அண்ணி செத்துப்போனதுலேர்ந்து ஒன்றரை வருஷமா அந்த மனுஷன் வாயில ம், வேணாம், இந்த ரெண்டத் தவிர ஒரு வார்த்த வந்ததில்ல. தட்டுல சோறு வச்சா பாதி அப்படியே திரும்பி வரும்.

அவர் குடிநீர் நிலையத்துல முப்பது வருஷம் பம்ப் ஓட்டினவர். அதனால உலகத்துல எது நின்னாலும் பம்ப்தான் கோளாறு. சரின்னு பம்ப மாத்தினோம். பதினேழு நிமிஷம். கார்பரேட்டரப் பிரிச்சு, பேப்பர்ல பரப்பி, பல் ப்ரஷ்ஷால தேச்சோம். என் ப்ரஷ்! கேக்காமயே எடுத்துட்டார். ஹோஸ் பைப்ப மாத்தினோம், டேங்க எறக்கிக் கழுவினோம், ம்ஹூம். நீ பைப்ப வளைச்சிருக்கற லட்சணத்தப் பாருன்னு என்னத் திட்ட வேற ஆரம்பிச்சார். எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? நடுவுல ஒருநாள் ஷேவ் பண்ணிட்டு வந்து நின்னார், எனக்கு அடையாளமே தெரியல.

நாலு மாசம் சார். உங்களத் திருப்பி அனுப்பினதெல்லாம் அதுக்குள்ளதான்.

போன வாரம் அவரே கண்டுபிடிச்சார். நின்னுபோன வண்டிக்கு பெட்ரோல் ஊத்தலாம்னு டேங்க் மூடியத் திருகினாரா, புஸ்ஸுனு காத்த உள்ள இழுத்துச்சு. அடியே, இந்த மூடியில ஓட்டையே இல்லடி, காத்து உள்ள போகாம பெட்ரோல் எப்படிடி வெளிய வரும்னு அவர் போட்ட கூச்சல்ல பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்துட்டாங்க. அதோட விட்டாரா, செருப்ப மாட்டிக்கிட்டு தனியா கடைக்குப் போய், ஓட்டை வச்ச மூடியா பாத்து வாங்கிட்டு வந்தார். அவர் தெருவுல கால் வச்சு ரெண்டு வருஷமாகப் போகுது.

எனக்கா? எனக்கு ரெண்டாவது வாரமே தெரியும் சார். மத்தியானம் அவர் தூங்கறப்ப மூடியக் கழட்டி வச்சுட்டு ஓட்டிப் பாத்தேன், முக்கால் மணி நேரம் நிக்கவே இல்ல. ஆஃப் பண்ணிட்டு, மூடிய நல்லா இறுக்கித் திருகிட்டு, அண்ணே, மறுபடி நின்னுபோச்சு, கொஞ்சம் வாங்களேன்னு கூப்பிட்டேன்.