சொல்லுக்குச் சொல்

கீழ்வாசல் பஸர் திடீரென்று அடித்தபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண் சிவந்திருப்பது அதனால்தான், தங்கேஸ்வரி அக்கா. வேறொன்றும் நினைக்காதீர்கள். அந்தக் கதிரை ஆடும், இதில் இருங்கள். தேத்தண்ணி ஆறப்போகிறது.

உங்கள் மனுசன், இராஜரட்ணம் அண்ணையின் கல்வெட்டு ஒற்றைகளைப் பார்த்துவிட்டேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தில் எழுத்துப்பிழை இருக்கக்கூடாது என்று என்னிடம் கொண்டுவந்தீர்கள். ரொறன்ரோவின் இந்த வோபர்ன் பக்கத்தில் பாதிப் பேர் அதற்கு என்னிடம்தான் வருகிறார்கள். தேவாரத்தில் பிழையில்லை. அண்ணை பிறந்த இடம், படித்த பள்ளிக்கூடம், எல்லாம் சரி. இராஜரட்ணம் என்ற பெயரில் ட் சரியாக விழுந்திருக்கிறது.

படத்துக்குக் கீழே உள்ள வரியில் மட்டும் ஒரு பிழை. "போட்டு வாறன் என்பதே மார்செய் நகரில் அன்னார் இறுதியாக மொழிந்த வார்த்தை." அதை உங்களுக்குச் சொன்னவள் நான். இப்போது திருத்த வேண்டியவளும் நான். ஆனால் அதைத் திருத்துவதென்றால் நடந்ததை முழுதாகச் சொல்லவேண்டும். தொலைபேசி அந்தச் சின்ன மேசையில் இருக்கிறது. நான் முடித்த பிறகு நீங்கள் யாருக்கு எடுத்தாலும் நான் தடுக்கமாட்டேன். முடிக்கும்வரை மட்டும் இருங்கள்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பது. ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் நடுவில் நிறுத்தி, "மன்னிக்கவேணும், முன்னம் சொன்னதைத் திருத்துறன்" என்பார்கள். நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. வழக்கறிஞர்கள் என்னைப் பேர் சொல்லிக் கேட்டு எடுப்பதற்கு அதுதான் காரணம்.

உங்கள் பெறாமகன் லவனின் விசாரணைக்கும் நான்தான் போனேன். உங்கள் தங்கச்சியின் மகன் என்று அன்றைக்குத் தெரியாது. மெலிந்த பெடியன். தண்ணீர்க் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். விசாரித்தவர் கேட்டார், வீட்டை விட்டு வெளிக்கிடும்போது தாயிடம் என்ன சொன்னாய் என்று.

"போட்டு வாறன் எண்டு சொன்னனான்" என்றான் லவன்.

போய்விட்டுத் திரும்பி வருவேன் என்று சொன்னேன், என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லுக்குச் சொல் சரி.

விசாரித்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அப்படியானால் திரும்பிப் போகிற எண்ணத்தோடுதான் புறப்பட்டிருக்கிறாய், என்றார். அந்த இடத்தில் நான் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். எங்கள் சனம் "போறன்" என்று சொல்லாது, சொன்னால் அபசகுனம், திரும்பியே வராத பயணத்துக்கும் இதையே சொல்லிக்கொண்டுதான் படி இறங்கும் என்று. சொல்லவில்லை. விளக்கம் கொடுப்பது என் வேலைக்குள் வராது. லவனின் வழக்கறிஞருக்குத் தமிழ் தெரியாது. அவனுக்கு உயிர்ப்பயம் இல்லை, திரும்பிப் போகவே நினைத்திருந்தான் என்று முடிவு வந்தது. மறுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் ஒக்ரோபரில் மூத்தோர் சங்கத்தின் ஐரோப்பியச் சுற்றுலா. எனக்குப் பிரெஞ்சும் ஓடும் என்பதால் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். உங்களுக்கு முழங்கால் நோ, வரமுடியவில்லை. விமான நிலையத்தில் அண்ணையின் இன்சுலின் ஊசிப் பையை என் கையில் தந்தீர்கள். பிஸ்கட்டும் அதற்குள்ளேயே இருந்தது. "உவருக்கு ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேணும் ஜெயமலர், விட்டால் மயங்கிப்போவார்" என்றீர்கள். நான் ஓம் என்றேன்.

மார்செய் நல்ல நகரம், அக்கா. எங்கள் வழிகாட்டி வேரோனிக்கா, சிவப்புக் குடையை மடித்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். முதலில் பழைய துறைமுகம். விடியவே மீன்காரிகள் கடலோரத்தில் மேசை போட்டு விற்கிறார்கள். கிழவர்களுக்கு வரலாறு மறந்துபோயிற்று. "உந்தக் கணவாய் என்ன விலையெண்டு கேளும் பிள்ளை" என்று அண்ணை என்னைக் கேட்கவைத்தார். விலையைச் சொன்னதும், "இந்த விலைக்கு மீன்காரியையும் சேர்த்துத் தருவாளோ எண்டு கேளும்" என்றார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். மீன்காரியும் சிரித்தாள். அவளுக்கு என்ன விளங்கியதோ.

மத்தியானம் எங்களோடு வந்த ஸ்ரீஸ்கந்தராசா அண்ணையை அவருடைய தமக்கையின் மகன் காரோடு வந்து கூட்டிக்கொண்டு போனான். பக்கத்து நகரத்தில் இருக்கிறவன். "இரவு ஹோட்டலுக்குக் கொண்டுவந்து விடுறன்" என்றான். வேரோனிக்காவுக்கு அது பிரச்சினையாக இல்லை. தமிழர்களுக்கு எந்த ஊருக்குப் போனாலும் ஒரு மருமகன் இருக்கிறான் என்று சிரித்தாள். அதை நான் மனதில் வைத்திருந்தேன். அப்போது ஒரு நோக்கமும் இல்லை. கேட்டதை மனதில் வைத்திருப்பது என் பழக்கம்.

பிறகு மலை உச்சித் தேவாலயம். உள்ளே கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல்கள் நூலில் தொங்குகின்றன. புயலில் தப்பி வந்த மாலுமிகள் நேர்த்திக்குக் கொடுத்தவை என்று வேரோனிக்கா சொன்னாள். மற்றவர்கள் மெழுகுதிரி வாங்கப் போனார்கள். அண்ணை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"திரும்பி வந்தவை கப்பல் கட்டித் தூக்கியிருக்கினம். வராதவை என்னத்தைத் தூக்கிறது?" என்றார். பிறகு அதே குரலில், "லவனுக்கு மொழிபெயர்த்தது நீர்தானே பிள்ளை?" என்றார்.

"ஓம் அண்ணை."

"கோவிக்காதையும். அந்த முடிவை அகராதி வைச்சு வாசிச்சனான். தேத்தண்ணிக் கடையாலை எழும்பினாலும் நாங்கள் போட்டு வாறன் எண்டுதான் சொல்லுறம். அதுக்காகக் கடைக்காரனோடை குடித்தனமே நடத்துறம்? செத்தவீட்டிலை மட்டும்தான் சொல்லாமல் எழும்புறது. உது உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெள்ளைக்காரனுக்கு ஆர் சொல்லுறது?"

"நான் சொன்னது பிழையில்லை."

"பிழையெண்டு ஆர் சொன்னது? சொல்லுச் சரி. கருத்துத்தான் செத்துப்போச்சு. பெடியனுக்கு இன்னும் ஒரு மனு இருக்கு. ரொறன்ரோ போனதும் நீர் ஒருக்கால் லோயரிட்டை வந்து இதைச் சொன்னால் போதும். நான் இன்னும் ஒருத்தருக்கும் சொல்லயில்லை, தங்கேஸ்வரிக்கும் கூட. உம்மடை பேர் கெடக்கூடாது. நீராய் வந்து சொன்னால் அது உமக்கும் அழகு."

"வராட்டில்?"

"வருவீர். நீர் நல்ல பிள்ளை. வராட்டில் நான் சொல்லத்தானே வேணும்."

அவர் என்னை மிரட்டவில்லை, அக்கா. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவருடைய குரலில் கோபமே இல்லை. நான் கேட்காமலே என்னை மன்னித்துவிட்டிருந்தார். ஒருநாளும் திருத்தம் சொல்லாத ஒருத்தியிடம், ஒரேயொரு தரம் திருத்தினால் போதும் என்று சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். ஓம் அண்ணை, வாறன், என்றேன். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. இறங்குகிற படி முழுவதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

கடைசியாக நகரத்துக்கு வெளியே ஒரு கடல்முனை. தெரு அங்கே முடிகிறது. ஒரு பக்கம் வெள்ளைப் பாறை, மறுபக்கம் கடல். கோடைகாலக் கடைகள் பூட்டியிருந்தன. பஸ்ஸுக்குள் வைத்து நான் நேரம் பார்த்து அண்ணைக்கு ஊசியை நினைவுபடுத்தினேன். போட்டுக்கொண்டார். இறங்கிப் பார்த்துவிட்டு வந்து பிஸ்கட்டைத் தின்னுவம் என்றார். வெயில் எறித்ததால் கோட்டையும் ஆசனத்திலேயே விட்டுவிட்டு இறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் காற்று எழும்பியது. அந்தப் பக்கத்துக் காற்று பேர்போனது. தொப்பிகள் பறந்தன. வேரோனிக்கா விசில் ஊதி எல்லாரையும் பஸ்ஸுக்குக் கூப்பிட்டாள். நானும் அண்ணையும் முனையின் மற்றப் பக்கத்தில் நின்றோம். அவருக்கு அடிக்கடி ஒதுங்கவேண்டும், அது உங்களுக்குத் தெரியும். ஒரு பாறைக்குப் பின்னால் போனார். நான் நிற்கவேண்டியவள். நடந்தேன். குளிராக இருந்தது.

வேரோனிக்கா பஸ் வாசலில் நின்று தலை எண்ணினாள். ஸ்ரீஸ்கந்தராசா அண்ணையைக் கழித்துப் பார்த்தாலும் ஒருவர் குறைவு. அந்த நேரத்தில்தான் பாறைப் பக்கமிருந்து அண்ணையின் குரல் கேட்டது. பஸ்ஸின் யன்னல்கள் மூடியிருந்தன, உள்ளே இருந்த எவருக்கும் கேட்கவில்லை. வாசலில் நின்ற எங்கள் இருவருக்கும் மட்டுந்தான் கேட்டது. இருவரில் ஒருத்திக்குத்தான் தமிழ் தெரியும்.

அவர் என்ன சொல்கிறார் என்று வேரோனிக்கா கேட்டாள்.

விடைபெறுகிறார், என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். போய்விட்டுத் திரும்பி வருவேன் என்கிறார். அவருடைய மருமகன் காரோடு வந்துவிட்டான், அந்தப் பக்கத்தில் நிற்கிறான், இரவு ஹோட்டலுக்கு வந்துசேர்வார். தமிழில் அதை எப்படிச் சொல்வது என்று வேரோனிக்கா ஆசையாகக் கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். அவள் அந்தப் பாறையைப் பார்த்துக் குடையை ஆட்டி, தன்னுடைய நாக்குக்கு வந்த மாதிரி, "போட்டு வாறன்" என்று கத்தினாள். பிறகு கதவு மூடியது.

ஊசிப் பை என் மடியில் இருந்தது. கோட்டு அடுத்த ஆசனத்தில் இருந்தது. பஸ் வளைவில் திரும்பியபோது அது என் பக்கமாகச் சரிந்து விழுந்தது. நான் அதை மடித்து வைத்தேன். அண்ணை எங்கே என்று கேட்டவர்களுக்கும் மருமகனோடு போய்விட்டார் என்றேன். குடுத்துவைச்ச மனுசன், இரவுக்குச் சோறும் கறியும் சாப்பிடுவார் என்று பொறாமைப்பட்டார்கள்.

அடுத்தநாள் காலையில் மீன்பிடிக்காரர்கள் பாறைக்குக் கீழே கண்டெடுத்தார்கள். மயங்கி விழுந்திருக்கிறார் என்று டொக்டர் சொன்னார். விழுந்தபிறகும் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்திருக்கிறார். பொலிஸ் எங்கள் ஆட்களை விசாரித்தபோது என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார்கள். எல்லாரும் சொன்னதைச் சரியாகச் சொன்னேன். மருமகன் வருவதாக அண்ணைதான் சொன்னார் என்றேன். கிழவர் எதையோ மாறி விளங்கிக்கொண்டார், வராத காரைத் தேடி நடந்தார் என்று எழுதினார்கள். வேரோனிக்கா அழுதாள். பிறகு நான் உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். "கடைசியா என்ன சொன்னவர்?" என்பதுதான் நீங்கள் கேட்ட முதல் கேள்வி. நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் ஒரு மாதம் இருந்திருக்கிறீர்கள் என்று இந்த ஒற்றைகளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

எழும்பாதீர்கள். இன்னும் கொஞ்சம்தான்.

ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். லவனின் மனு நடந்துகொண்டிருந்தது. நான் வாய் திறந்திருந்தால் அவனுடைய வழக்கும் அண்ணையின் சாவும் ஒன்றாகக் குழம்பியிருக்கும். நேற்று மத்தியானம் அவனைக் கொழும்பு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். நீங்கள் விமான நிலையத்திலிருந்து வந்த கோலத்தைக் கடையில் நின்ற நான் கண்டேன். நேற்று நீங்கள் இந்தக் கதவைத் தட்டியிருந்தால் வேறு மாதிரிப் பேசியிருப்பேன். இன்றைக்கு அந்த விஷயம் முடிந்துவிட்டது. சொல்வதால் அவனுக்கு இனி லாபமும் இல்லை, எனக்கு அந்தத் திருத்தம் சொல்ல வேண்டியும் இல்லை.

நான் அவரைத் தள்ளவில்லை. என் விரல்கூட அவரில் படவில்லை. தோளைப் பிடித்து நடந்தது அவர்தான். எத்தனையோ வருஷத்தில் நான் ஒரேயொரு வசனத்தைத்தான் பிழையாக மொழிபெயர்த்திருக்கிறேன். லவனுடையதைச் சேர்க்காதீர்கள், அது சரி. அண்ணையுடையதுதான் பிழை. வாயால் சொன்னதென்றால் காற்றோடு போய்விடும். அச்சில் வந்துவிட்டால் சனம் வீட்டுக்கு வீடு கொண்டுபோய் வைத்திருக்கும். என் கண்ணில் பட்ட பிழையை அப்படியே விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை, அக்கா.

தொலைபேசியை எடுத்துவிட்டீர்கள். நல்லது, கையில் வைத்திருங்கள். யார் எடுத்தாலும் முதலில் இந்த வரியைச் சொல்லுங்கள். "போட்டு வாறன்" என்பதை வெட்டிவிட்டு, அவர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் போடச் சொல்லுங்கள்:

"நில்லும் பிள்ளை, நானும் வாறன்."