மீனுக்குச் சொந்த ஊர்

"மீனுக்குச் சொந்த ஊரு பாத்து என்ன செய்யப் போறே பாப்பா?"

வேதாரண்யத்திலிருந்து நாகப்பட்டினம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில், காலடியில் கூடையோடு இருந்த மீன்காரம்மா பக்கத்திலிருந்தவளிடம் கேட்டார். அப்பாவுக்குப் பதினாறாம் நாள் முடிந்து வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. காது மட்டும் அவர்கள் பேச்சிலேயே இருந்தது.

அவர் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண், மடியில் சின்னச் சின்னக் குப்பிகள்.

"உங்க கொடுவா மீனு வால்ல ஒரு துண்டு குடுங்கக்கா. அதிராம்பட்டினத்துக் கொடுவாவும் உங்க ஊரு கொடுவாவும் ஒரே கூட்டமா, வேற வேறயான்னு மரபணு சொல்லிடும். வேறன்னா, எவ்வளவு பிடிக்கலாம்ங்கிற அளவைத் தனித்தனியா வைக்கணும்."

"இந்த ஊரு மீனுதான்னு எழுதி, சீல் வச்சுக் குடுப்பீங்களா?"

"அறிக்கை வரும்க்கா."

"பாத்தியா! நாலு தலமுறையா கரையில கெடக்கோம். புறம்போக்கு, வீட்டைக் காலி பண்ணுன்னு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிட்டான். மீனுக்குப் பூர்வீகம் இருக்கு, எனக்கு இல்லயாம்."

"அது வேற ஆபீஸ்க்கா..."

"எல்லாம் ஒரே கவர்மெண்ட்டுதான். நான் காலி பண்ண மாட்டேன்."

அரிவாள்மணையில்லாமல், சின்னக் கத்தியாலேயே வாலை நறுக்கிக் கொடுத்தார். பிறகு தன் தலையிலிருந்து ஒரு முடியை வெடுக்கென்று பிடுங்கி நீட்டினார்.

"இதையும் ஒரு குப்பியில போடு. நான் எந்த ஊருன்னு மிஷினே சொல்லட்டும்."

"ஐயோ, மீனுக்கு மட்டும்தான்க்கா பாப்பாங்க."

"ஏன், மீனைவிட நான் மட்டமா? போடு பாப்பா."