பயம் காட்டிய சென்னியப்பனுக்கு நன்றி

தலைமையேற்றிருக்கும் பெரியவர் ஆறுமுகசாமி அவர்களே, பனியன் தொழிலாளர் நாடக மன்றத்துத் தோழர்களே, திரண்டிருக்கும் பெருமக்களே, வணக்கம். நான் மயிலாள். உங்களில் பாதிப்பேர் என்னைப் பார்த்து அலறியவர்கள்!

நம் இயக்குநர், 'நாடகச் செம்மல்' சென்னியப்பன் அவர்கள் மறைந்து ஒரு மாதம் ஆகிறது. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஆனால் கடைவீதியில் என்ன பேச்சு? பேயை வைத்து நாடகம் போட்டவரைப் பேயே கொண்டு போய்விட்டதாம்! அதைக் கேட்டு நம் நடிகர்கள் நழுவிவிட்டார்கள். பெருமாநல்லூரில் ஒத்துக்கொண்ட நாடகத்தில் பேயாக நிற்க ஆளில்லை.

பதினாறு ஆண்டுகள், பத்தொன்பது பேய் நாடகங்கள், கோவை ஸ்டுடியோவில் ஒரு திரைப்படம். கோவைக்கு ஆங்கிலப் பேய்ப்படம் வந்தால் விடாமல் பார்ப்பார். முதல் காட்சியில் திரையைப் பார்ப்பார். அடுத்த காட்சியில் திரும்பி உட்கார்ந்து ஜனங்களின் முகத்தைப் பார்ப்பார்!

மிஷினிலிருந்து குழாயாக இறங்கும் பனியன் துணிக்குள் என்னை நுழைத்து, முகத்தை அழுத்தச் சொன்னதும் அவர்தான். கண்ணும் வாயும் துணியில் புடைத்தன. கொட்டகையே அலறியது. மறுநாள் கம்பெனியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஒருத்தியும் வரவில்லை. பேசி வைத்திருந்த வரனும் கைவிட்டுப் போனது. யாரிடம் போய் அழுவேன்? அவரே வந்தார். எல்லோர் முன்னாலும் என் தூக்குப்போசியில் கைவிட்டு ஒரு வாய் சோறு உண்டார்.

"தப்பு எம்மேலதானுங்க. உங்களைப் பயமுறுத்துனது நானு, இந்தப் புள்ள இல்லீங்க" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாடக முடிவிலும் பேய் துணியைக் கழற்றும். நடித்தவர் பெயரை அவர் உரக்கச் சொல்வார். படமெடுத்தபோது பணம் போட்ட முதலாளி அந்தக் காட்சியை வெட்டச் சொன்னார். பயம் கலைகிறதாம்!

"கலையட்டுமுங்க. சனங்க ஊடு போய்த் தூங்கோணுமல்லங்க?" என்று மறுத்துவிட்டார்.

அடுத்த படம் அவருக்குக் கிடைக்கவில்லை. எனக்கோ நல்ல வாழ்வு கிடைத்தது. துணி கழன்றதும் என் முகத்தைப் பார்த்து, மறுவாரமே பெண் கேட்டு வந்தவர்தான் என் கணவர். எந்த வாயால் நன்றி சொல்வேன்?

பெருமாநல்லூர் நாடகம் நடக்கும்! அவர் இடத்தில் நின்று நானே நடத்துவேன். பேயாக நிற்பவர் யார்? இன்று காலை அவருடைய மனைவி வள்ளியாத்தாள் அக்கா என் வீட்டுக்கு வந்தார்.

"பேயி கொண்டு போச்சுன்னு சொல்றவிய எம்மூஞ்சியப் பாக்கட்டும் கண்ணு. நான் நிக்கறேன்" என்றார்.

வியாழக்கிழமை ஒத்திகை. நழுவியவர்களும் வரலாம். அக்கா யாரையும் ஒன்றும் செய்ய மாட்டார்.