முப்பது நாள் கெடு

கலியபெருமாள்: ...வாங்குனதே பழைய கம்ப்யூட்டரு, அதுல வியாதி மட்டும் புதுசு புதுசாவா வரும்? மாசம் பொறந்தா அதே வியாதிதான்! ‘ஆக்டிவேட் பண்ணு’ன்னு வந்து நிக்குது. ஏன் தம்பி ஆரோக்கியராஜ், நீயும் கடலூர்லேருந்து சிதம்பரத்துக்கு வந்து வந்து போற. இதுக்கு ஒரு முடிவே கெடையாதா?

ஆரோக்கியராஜ்: விண்டோஸ் எக்ஸ்.பி. போட்டா முப்பது நாள்தான் கெடு சார். அதுக்குள்ள ஆக்டிவேட் பண்ணலன்னா உள்ளயே விடாது. அழிச்சுட்டுத் திரும்பப் போட்டா இன்னொரு முப்பது...

கலியபெருமாள்: இதத்தானே போன மாசமும் சொன்ன! இன்னிக்கு சரியாவலன்னா காயலான் கடைதான், ஆமா. வெண்மதி, கூட இருந்து பாத்துக்கம்மா. கீழவீதி வரைக்கும் போயிட்டு வந்துடறேன்.

வெண்மதி: சரிப்பா. ...போயிட்டாரு. என்ன மெக்கானிக் சார், சிடியை எடுக்கறீங்க?

ஆரோக்கியராஜ்: வழக்கம்போல அழிச்சுப் போட்டுடலாம்னு...

வெண்மதி: வேணாம். ஸ்க்ரீன்லயே ஃபோன் நம்பர் இருக்கு பாருங்க. பேசினா ஒரு நம்பர் குடுப்பாங்க. அதை அடிச்சா ஒரேயடியா தீந்துடும்.

ஆரோக்கியராஜ்: அது... சில சமயம் எடுக்காது.

வெண்மதி: எம்.சி.ஏ. படிக்கறவகிட்டயேவா? எடுக்கும்னு எனக்கு முதல் மாசமே தெரியும்.

ஆரோக்கியராஜ்: தெரிஞ்சுமா சும்மா இருந்த?

வெண்மதி: நீங்க தெரிஞ்சே செய்யாம இருந்தீங்க. நான் தெரிஞ்சே கேக்காம இருந்தேன்.

ஆரோக்கியராஜ்: மதி... இதை முடிச்சுட்டா, இந்த வீட்டுப் படி ஏற எனக்கு ஒரு காரணமும் இருக்காது.

வெண்மதி: அதுக்குத்தான். ஃபோனை எடுங்க.

ஆரோக்கியராஜ்: திடீர்னு என்ன கோவம்?

வெண்மதி: கோவமெல்லாம் இல்ல. எடுங்க.

ஆரோக்கியராஜ்: ...ஹலோ மேடம், ஆக்டிவேஷனுக்குத்தான்... ஆமா, ஸ்க்ரீன்ல காட்டற நம்பர் பூரா வாசிச்சுட்டேன். நீங்க சொல்லுங்க. மதி, அடிச்சுக்க. நாலு, ஏழு, ரெண்டு...

வெண்மதி: மொதக் கட்டம் ஆச்சு. எங்கிட்ட சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?

ஆரோக்கியராஜ்: உங்கிட்டயா? இல்லையே... ஒண்ணு, எட்டு, எட்டு...

வெண்மதி: உங்க தங்கச்சி செலினுக்கு மாப்ள பாத்துக்கிட்டு இருந்தாங்களே?

ஆரோக்கியராஜ்: ...ஒரு நிமிஷம் மேடம், லைன்லயே இருங்க. செலினுக்கு அமைஞ்சுடுச்சு மதி.

வெண்மதி: சந்தோஷம். அவ்ளோதானா?

ஆரோக்கியராஜ்: ...பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கற எடம். மாப்ளயோட தங்கச்சிய நான் கட்டிக்கிட்டாத்தான் அவுங்க செலினக் கட்டிப்பாங்க. நான் மாட்டேன்னா அதுவும் நிக்கும். ஏற்கனவே நிச்சயம் வரைக்கும் போய் நின்னுபோன பொண்ணு மதி அவ. இப்பதான் வாய் விட்டுச் சிரிக்கறா.

வெண்மதி: அடுத்த கட்டம்? லைன்ல அந்தம்மா காத்துக்கிட்டு இருக்கு.

ஆரோக்கியராஜ்: ஒரு வார்த்த திட்டிடேன்...

வெண்மதி: நம்பரச் சொல்லுங்க.

ஆரோக்கியராஜ்: ...அஞ்சு. சைபர். அஞ்சு...

வெண்மதி: ம்... ம்... கடைசிக் கட்டம்.

ஆரோக்கியராஜ்: ஆறு... ரெண்டு... ஒம்போது... தேங்க்ஸ் மேடம்.

வெண்மதி: முடிஞ்சுதுன்னு வந்துடுச்சு. இனிமே கேக்காது.

ஆரோக்கியராஜ்: உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல மதி. எங்கள்ல கல்யாணத்துக்கு முன்னாடி ஓலை வாசிப்பாங்க. மூணு ஞாயித்துக்கிழமை பூசையில சாமியார் எங்க பேர வாசிச்சு, ‘யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லலாம்’னு கேப்பாரு. மூணு வாரமும் முன் பெஞ்சுல கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். யாராவது ஒருத்தர் எழுந்துட மாட்டாங்களான்னு... நேத்து கடைசி ஓலை. யாரும் எழுந்திரிக்கல.

வெண்மதி: எழுந்திரிச்சேன்.

ஆரோக்கியராஜ்: என்னது?

வெண்மதி: போன வாரம் உங்க கடைக்கு ஃபோன் பண்ணேன். ‘அவருக்குக் கல்யாணம், ரெண்டு ஓலை வாசிச்சாச்சு’ன்னாங்க. நேத்து அப்பாகிட்ட ப்ராஜெக்ட்னு பொய் சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

ஆரோக்கியராஜ்: கடலூருக்கா? கோயிலுக்கா வந்த? மதி... அப்பறம் ஏன் ஒண்ணுமே சொல்லல?

வெண்மதி: பொம்பளைங்க பக்கம், கடைசியில, தலையில முக்காடு போட்டுக்கிட்டு இருந்தேன். சாமியார் கேட்டு முடிக்கல, எழுந்துட்டேன். முன்னாடி ஒரு பொண்ணு திரும்பினா... அப்படியே உங்க மூக்கு. உக்கார எடம் இல்லாம நிக்கறேன்னு நெனச்சுட்டா போல. சிரிச்சுக்கிட்டே நகந்து, ‘இங்க வாங்கக்கா’ன்னு எடம் விட்டா... போய் உக்காந்துட்டேன்.